ஓல்டேன்!

தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற டவுன் பஸ்ஸில் போன மாதம் ஒரு நாள் காலையில் ஏறி உட்கார்ந்தேன். மாப்பிள்ளையூரணியில் என் தாய்மாமாவுக்குப் பதினாறாம் நாள் விசேஷம். துக்க காரியத்துக்குப் போகிறவனுக்கு வேடிக்கை பார்க்க மனம் வராது என்பார்கள். ஆனால் கண்ணும் காதும் மனசைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கின்றன? பஸ்ஸில் நல்ல கூட்டம். மீன் கூடை, காய்கறிப் பை, பள்ளிக்கூடப் பிள்ளைகள், உப்பளத்து வேலைக்குப் போகிற பெண்கள். கண்டக்டர் இளவயதுப் பையன். கழுத்திலே விசில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அதை அவன் ஓர் ஆபரணமாகத்தான் வைத்திருந்தான் போலிருக்கிறது. வேலையெல்லாம் தொண்டையினால்தான்.

"போலாம் ரை...ட்!"

பஸ் கிளம்பும். இருநூறு கஜம் போகும். யாராவது இறங்க வேண்டும் என்பார்கள்.

"ஓல்டே...ன்!"

பஸ் நின்றுவிடும்.

எனக்கு முன் இருக்கையில் இரண்டு கல்லூரி மாணவர்கள். ஒருவன் மற்றவனிடம் சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஹோல்ட் ஆன்னா பிடிச்சுக்கோன்னு அர்த்தம். இவர் நிப்பாட்டச் சொல்றதுக்கு அதைச் சொல்றாரு பாரு. நல்ல இங்கிலீஷ்!" மற்றவனும் சிரித்தான். சிரிக்க வேண்டிய வயசுதான். நான் மட்டும் சிரிக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு முன்னால் இதே சிரிப்பை, இதே வார்த்தைகளோடு, நானே சிரித்திருக்கிறேன். யாரைப் பார்த்துச் சிரித்தேனோ அவருடைய பதினாறாம் நாளுக்குத்தான் இப்போது போய்க்கொண்டிருந்தேன்.

அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சொல்லின் கதை.

'ஓல்டேன்' என்றும், 'ஓல்டான்' என்றும், கொஞ்சம் படித்தவர்கள் வாயில் 'ஹோல்டான்' என்றும் வழங்குகிற இந்தச் சொல்லைத் தெரியாத தமிழன் இருக்க முடியாது. பஸ்ஸை நிறுத்த, பின்னால் வருகிற லாரியை நிறுத்த, கிரேன் தூக்குகிற இரும்புச் சட்டத்தை அந்தரத்தில் நிறுத்த, கல்யாண வீட்டுக்கு வந்த ஜெனரேட்டரை இறக்குகிறவர்கள் ஒரு நிமிஷம் மூச்சு வாங்க - எல்லாவற்றுக்கும் இதுதான். எழுத்துக் கூட்டி ஒரு புஸ்தகமும் வாசித்தறியாதவர்கள் கூட இதைக் கச்சிதமாக உபயோகிப்பார்கள். இது எந்தப் பாஷை என்று கேட்டால், "பஸ் பாஷை" என்று பதில் வரும்.

ஆங்கிலத்தில் இது இரண்டு சின்னச் சொற்கள். 'ஹோல்ட்' என்றால் பிடி. 'ஆன்' என்றால் மேலே, தொடர்ந்து, விடாமல் என்று இடத்துக்குத் தக்கபடி பொருள். இப்படி ஒரு வினைச் சொல்லோடு ஒட்டுப் போட்ட மாதிரி ஒரு குட்டிச் சொல்லைச் சேர்த்து, இரண்டுக்கும் இல்லாத மூன்றாவது பொருளை வரவழைப்பது ஆங்கிலத்தின் பழைய வித்தை. 1755-ல் பெரிய அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் துரையே, அன்னியர்களுக்கு இந்த ஜோடிச் சொற்கள்தான் பெரிய தொல்லை என்று முகவுரையில் ஒப்புக்கொண்டிருக்கிறார். 1925-ல் லோகன் பியர்சால் ஸ்மித் என்பவர் தம் புஸ்தகம் ஒன்றில் இவற்றுக்கு 'பிரேசல் வெர்ப்' என்ற பெயரைப் பரப்பினார். பெயர் வைத்ததனால் தொல்லை தீர்ந்துவிடவில்லை. பள்ளிக்கூடத்தில் நாம் 'ஹோல்ட்' என்பதை ஒரு நாளில் கற்றுக்கொள்கிறோம். 'ஹோல்ட் அப்' என்றால் வழிப்பறி, அல்லது தாமதம். 'ஹோல்ட் பேக்' என்றால் அடக்கிக்கொள்வது. 'ஹோல்ட் அவுட்' என்றால் வளைந்து கொடுக்காமல் தாக்குப் பிடிப்பது என்று கற்றுக்கொள்வதற்குள் தலை நரைத்துவிடுகிறது.

அந்தக் கடைசிச் சொல்லுக்குத் தூத்துக்குடிக்காரனுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1906-ம் வருஷம் அக்டோபர் மாதம் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். 'காலியா', 'லாவோ' என்று இரண்டு கப்பல்கள் கொழும்புக்குப் போய் வந்தன. எதிரே நின்ற வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போயிற்று. 1908 மார்ச்சில் பிள்ளையவர்களைச் சிறையில் அடைத்தார்கள். 1912 டிசம்பரில் அவர் வெளியே வந்தபோது கம்பெனியும் இல்லை, கப்பலும் இல்லை. அவர் மட்டும் இருந்தார். தாக்குப் பிடிப்பது என்றால் அதுதான்.

நிற்க.

'நிற்க' என்று எழுதியதும் எனக்கே ஒன்று தோன்றுகிறது. நம் பாட்டனார்கள் கடிதம் எழுதும்போது, க்ஷேம லாபங்களை விசாரித்து முடித்த கையோடு 'நிற்க' என்று ஒரு சொல் போட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார்கள். சொன்னது அப்படியே நிற்கட்டும், கொஞ்சம் பொறுங்கள், வேறு சமாசாரம் வருகிறது என்று அர்த்தம். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஒரு 'ஹோல்ட் ஆன்'தானே? வண்டி நின்றது, ஆனால் பிரயாணம் முடியவில்லை.

ஆங்கிலச் சொல்லுக்குத் திரும்புவோம். பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே 'ஹோல்ட் ஆன்' இருந்திருக்கிறது. ஆனால் அப்போது அதற்கு நிற்பது என்ற பொருளே கிடையாது. 'போகிற வழியிலேயே தொடர்ந்து போ' என்பதுதான் பொருள்! நம் கண்டக்டர் பையன் எதற்கு 'ரைட்' சொல்கிறானோ, அதற்கு அக்காலத்து ஆங்கிலேயன் 'ஹோல்ட் ஆன்' என்றிருப்பான். 'பிடியை விடாதே' என்ற பொருள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வழக்கத்துக்கு வந்தது. 'நில், பொறு' என்று உத்தரவிடுகிற பொருள் அதற்கும் பின்னால், 1846-ஐ ஒட்டி எழுத்தில் தலைகாட்டியது. அறுநூறு வருஷங்களில் ஒரு சொல் 'போ'விலிருந்து புறப்பட்டு 'நில்'லுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

நடுவில் என்ன நடந்தது? கப்பலில் போய்ப் பார்த்தால் விளங்கும். பாய்மரக் கப்பலில் பத்துப் பேர் வரிசையாக நின்று ஒரு வடத்தை இழுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே பாய் ஏறிக்கொண்டிருக்கிறது. போதும் என்கிற சமயத்தில் மேஸ்திரி என்ன சொல்ல வேண்டும்? 'நிறுத்து' என்று மட்டும் சொன்னால் எவனாவது ஒருவன் கையை எடுத்துவிடுவான். ஏறின பாய் கீழே வந்துவிடும். கீழே நிற்கிறவன் மண்டை உடையும். ஆகையால் அவன் சொல்ல வேண்டியது இரண்டு விஷயம்: இழுக்கிறதை நிறுத்து, பிடித்ததை விடாதே. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுகிற சொல்தான் மாலுமிகளின் 'ஹோல்ட் ஆன்'. பிடித்துக்கொள்வதும் நிற்பதும் கயிற்றுக்காரனுக்கு வேறு வேறு அல்ல. இதைத் தரையிலே உட்கார்ந்து அகராதி புரட்டுகிறவன் கவனிப்பதில்லை.

மாலுமிகளின் சொல் தரைக்கு வந்ததும் எங்கெங்கோ போய் ஒட்டிக்கொண்டது. 1876-ல் டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல், டெலிபோனை எடுத்ததும் 'அஹாய்' என்றுதான் கூப்பிட வேண்டும் என்றார். அது ஒரு கப்பலைப் பார்த்து இன்னொரு கப்பல் கூப்பிடுகிற கூப்பாடு. எடிசன் சிபாரிசு செய்த 'ஹலோ' வென்றுவிட்டது என்றாலும், 'ஹோல்ட் ஆன்' டெலிபோனில் ஸ்திரமாக உட்கார்ந்துகொண்டது. 1882-ல் சென்னையிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் டெலிபோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. பிறகு வந்த டிரங்க் கால் காலத்தில் ஆப்பரேட்டர் பெண்மணியின் 'ஹோல்ட் ஆன்' என்ற குரலுக்குக் கட்டுப்பட்டு, எத்தனை பேர் எத்தனை மணி நேரம் குழாயைக் காதில் வைத்துத் தவம் கிடந்திருப்பார்கள்! நம் ஜனங்கள் அதற்கு அழகான தமிழ் ஒன்று செய்தார்கள்: "லைன்லயே இருங்க." ஆங்கிலேயன் பிடித்துக்கொள் என்கிறான், தமிழன் இரு என்கிறான். இருப்பதுதானே பெரிய காரியம்?

பஸ்ஸுக்கு வருவோம். லண்டன் பஸ் கண்டக்டர்கள் வண்டி புறப்படும்போது 'ஹோல்ட் டைட்' என்று கூவுவது ரொம்பக் காலம் வழக்கமாயிருந்தது. வண்டி கிளம்புகிறது, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பது தாத்பரியம். ஆக, அங்கே 'ஹோல்ட்' என்றால் வண்டி போகும். இங்கே 'ஹோல்ட்' என்றால் வண்டி நிற்கும். அவன் பிரயாணியைப் பார்த்துச் சொன்னான். இவன் டிரைவரைப் பார்த்துச் சொல்கிறான். 'ரைட்' மட்டும் அங்கிருந்து அப்படியே வந்திருக்கிறது. இங்கிலாந்தில் ரயில் கார்டு வண்டியைக் கிளப்ப 'ரைட் அவே' என்பது வழக்கம். இரண்டு ரயில் பெட்டிகளுக்கு நடுவே 'அவே' எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

எங்கள் பக்கத்துப் பஸ்ஸுக்கு 'ஹோல்ட் ஆன்' எந்த வழியாக வந்தது? என் அபிப்பிராயம் இதுதான்: அது துறைமுகத்திலிருந்து கரையேறி வந்தது. இது ஊகந்தான், கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணச் சொன்னால் யோசிப்பேன். ஆனால் காரணம் இல்லாத ஊகம் அல்ல.

தூத்துக்குடிக் கடல் கரையோரம் ஆழமில்லாதது. பெரிய நீராவிக் கப்பல்கள் சில மைல்களுக்கு அப்பால் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். பஞ்சுப் பொதியையும் அரிசி மூட்டையையும் தோணிகளில் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். 1974-ல் புதிய துறைமுகம் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்படும் வரைக்கும் இந்த ஊரின் வாணிபம் கயிற்றிலும் கொக்கியிலும் தொங்கிக்கொண்டிருந்தது என்றே சொல்லலாம். மேலே கப்பலில் ஒரு பாஷை, கீழே தோணியில் ஒரு பாஷை. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. சரக்கு தலையில் விழாமல் இருக்க வேண்டுமானால் இரண்டு பேருக்கும் பொதுவாக நாலு சொல்லாவது வேண்டுமே!

அப்படிப் பிறந்த சொற்கள் ஏராளம். இந்தியத் துறைமுகங்களில் சரக்கைத் தூக்கச் சொல்வதற்கு 'ஹபேஸ்', இறக்கச் சொல்வதற்கு 'ஆரியா' என்று கூவுகிற வழக்கம் உண்டு. இந்த 'ஆரியா'வுக்கும் வடக்கே இருந்து வந்தவர்களுக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. போர்ச்சுகீசிய மாலுமிகள் பாயை இறக்குவதற்குச் சொன்ன 'அரியார்' என்ற சொல்தான் அது. கப்பலில் வேலை பார்த்த நம் நாட்டு லஸ்கர்களின் இந்தக் கலப்புப் பாஷைக்கு 1811-லேயே தாமஸ் ரோபக் என்ற ராணுவ அதிகாரி கல்கத்தாவில் ஓர் அகராதி அச்சிட்டார். அது தெரியாத வெள்ளைக்கார அதிகாரி கப்பலில் பேந்தப் பேந்த விழிக்க வேண்டியதுதான்.

தூத்துக்குடிக் கரைக்குப் போர்ச்சுகீசியர் பதினாறாம் நூற்றாண்டில் வந்தார்கள். 1658-ல் டச்சுக்காரர்கள் அவர்களைத் துரத்தினார்கள். 1825-ல் ஆங்கிலேயரிடம் ஊர் கடைசியாகக் கை மாறிற்று. கோட்டைகள் இடிந்தன; கொடிகள் இறங்கின. சொற்கள் மட்டும் இறங்கவில்லை. ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, ஏலம், பாதிரி, மேஸ்திரி - எல்லாம் போர்ச்சுகல் சொத்து. டச்சுக்காரர்கள் நமக்கு விட்டுப்போன பிரசித்தமான சொல் 'கக்கூசு'. இதை வைத்து அந்த இரண்டு ராஜ்யங்களின் பெருமையை யாரும் எடை போட வேண்டாம்.

நாம் மட்டுமா வாங்கினோம்? கொடுக்கவும் செய்தோம். நம் கட்டுமரம் 'காட்டமரான்' ஆகி உலகமெல்லாம் மிதக்கிறது. சங்கு 'சாங்க்' ஆயிற்று. தமிழனின் கயிறும் மலையாளியின் கயறும் 'காயர்' என்ற பெயரில் ஆங்கில அகராதிக்குள் போய்ச் சுருண்டு படுத்திருக்கின்றன. பார்க்கப் போனால் கணக்கு நேராகிவிட்டது. கயிறு நாம் கொடுத்தது. அதைப் பிடித்துக்கொள் என்ற சொல் அவன் கொடுத்தது.

கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொல்லித் தர இந்தக் கரையில் ஆங்கிலேயன் தேவையாயிருக்கவில்லை. அது அவனுக்கு முன்னாலேயே இங்கே உயிர்ப் பிரச்னை. கொற்கை முத்து ரோமாபுரி வரை போனது எல்லோருக்கும் தெரியும். முதல் நூற்றாண்டு கிரேக்க மாலுமி ஒருவர் எழுதி வைத்த கடல் வழிக் குறிப்பில், கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளை விட்டு முத்துக் குளித்தார்கள் என்று காண்கிறது. அவ்வளவு ஆபத்தான தொழில். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, சுறா மீன்களை மந்திரத்தால் கட்டி வைப்பவர்களுக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கொடுத்தார்கள் என்கிறார். இந்தக் 'கடல்கட்டி'களுக்கு ஆங்கில அரசாங்கமும் பின்னாளில் மரியாதை செய்ய வேண்டி வந்தது. அவர் வந்து மந்திரம் சொல்லாவிட்டால் ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள்.

குளிக்கிற முறை இதுதான். தோணியிலிருந்து இரண்டு கயிறு கீழே போகும். ஒன்றில் கனத்த கல். இன்னொன்றில் சிப்பி பொறுக்குகிற வலைப்பை. குளிக்கிறவன் கல்லின் மேல் காலை வைத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு ஐந்து பாகம், எட்டுப் பாகம், பத்துப் பாகம் என்று இறங்குவான். அடியில் கால் பட்டதும் கல்லை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒரு நிமிஷத்துக்குச் சற்று ஏறக்குறைய அவனுக்கு அவகாசம். அதற்குள் கைக்கு அகப்பட்ட சிப்பியை வாரிப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டுவான். மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். இந்த மேலாளை ஆங்கிலேயர் புஸ்தகங்கள் 'மன்டக்' என்று குறிப்பிடுகின்றன. கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் ஒருவன். அவனுடைய மூச்சை மேலே இருக்கிற ஒருவன் தன் உள்ளங்கையில் வைத்திருக்கிறான். பேச முடியாது, கூப்பிட முடியாது. கயிறு ஒன்றுதான் பாஷை.

அந்தக் கயிற்றை யாரிடம் கொடுப்பது? கரைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது: மச்சானிடம் கொடு. பெண்டாட்டியின் கூடப் பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும். அண்ணன் தம்பி என்றால் பாகப்பிரிவினை நினைப்பு வந்தாலும் வரலாம். சிநேகிதன் என்றால் அயர்ந்துபோவான். மச்சானுக்கோ, கயிற்றை விட்டால் தாலியறுவது தன் தங்கச்சி! எந்த லாயர் எழுதின ஒப்பந்தத்திலும் இதைவிடப் பலமான ஷரத்தை நான் கண்டதில்லை. மாப்பிள்ளை கீழே, மச்சான் மேலே. பஸ் மாப்பிள்ளையூரணியை நெருங்க நெருங்க, ஊர்ப் பெயரிலேயே மாப்பிள்ளையை வைத்திருக்கிற இந்த ஊருக்கும் அந்த வழக்கத்துக்கும் சம்பந்தம் கட்டிப் பார்க்க என் கதாசிரியன் புத்தி துடித்தது. சரித்திரத்துக்கு அஞ்சி விட்டுவிடுகிறேன்.

1955-லிருந்து 1961 வரைக்கும் நடந்ததுதான் இந்தக் கடலின் கடைசி முத்துக் குளிப்பு. அதன் பிறகு பார்களில் சிப்பி போதவில்லை. 1973-ல், இதே சாலையில் வடக்கே இருக்கிற வேப்பலோடையில் மத்திய அரசின் மீன் ஆராய்ச்சியாளர்கள் சிப்பியைப் பண்ணையில் வளர்த்து உருண்டை முத்தை உண்டாக்கிக் காட்டினார்கள். அதற்கு மூச்சடக்கவும் வேண்டாம், மச்சானும் வேண்டாம். ஆனால் அந்தக் கடைசிக் குளிப்பில் என் தாய்வழிப் பாட்டனார் தம் தங்கை புருஷனுக்குக் கயிறு பிடித்தவர். இதை எனக்குச் சொன்னவர் என் மாமா. அவர் எப்போது, ஏன் சொன்னார் என்பதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்த கதை.

1997-ம் வருஷம் மே மாதம். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு மாமா வீட்டில் இருந்தேன். மாமா உப்பு லாரியில் கிளீனர். அவர் படித்தது இரண்டாம் வகுப்பு. எனக்கோ இங்கிலீஷில் நல்ல மார்க் வரும் என்று வாத்தியாரே சொல்லியிருந்தார். ஒரு நாள் டீக்கடை முன்னால், நாலு பேர் மத்தியில், மாமா லாரியைப் பின்னால் வரச்சொல்லி "ஓல்டேன்!" என்றதும் நான் சிரித்தேன். "மாமா, ஹோல்ட் ஆன்னா பிடிச்சுக்கோன்னு அர்த்தம். நிப்பாட்டணும்னா ஸ்டாப்னு சொல்லணும்" என்றேன். மற்றவர்களும் சிரித்தார்கள். மாமாவும் சிரித்தார். "எங்க மருமவன் படிச்ச பிள்ளைலா!" என்று பெருமையாகவே சொன்னார். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். அதை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. இன்றைக்கு வரை மறக்கவும் இல்லை.

நாலு நாள் கழித்து, பொழுது சாய்கிற நேரம், அவரோடு உப்பளத்துக்குப் போயிருந்தேன். அம்பாரமாகக் குவித்து வைத்திருந்த உப்பை ஏற்ற, லாரி குறுகலான மண் கரை மேல் பின்பக்கமாக வர வேண்டும். கரை ஓரிடத்தில் இளகியிருந்தது. மாமா சக்கரத்துக்கு அடியில் கொடுக்க ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு, "மருமவனே, நீ நின்னு சத்தம் குடு. நான் பலகையைப் போடுதேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "வரலாம், வரலாம்" என்று கை காட்டினேன். மாமா குனிந்திருந்தார். சக்கரம் பலகையருகே வந்துவிட்டது. "ஸ்டாப்!" என்றேன். லாரி வந்தது. "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினேன். லாரி வந்துகொண்டே இருந்தது.

"ஓல்டே...ன்!"

அந்தக் கணமே லாரி நின்றது. அந்தக் குரல் மாமாவுடையது. 'அம்மா' என்று அலறவில்லை; 'ஐயோ' என்று அலறவில்லை. சக்கரத்துக்கு அடியில் இடது கால் மாட்டியிருந்த மனிதர் 'ஓல்டேன்' என்றுதான் அலறினார். இரண்டு விரல்கள் போயின. அந்த ஒரு சொல் இன்னும் அரை விநாடி தாமதித்திருந்தால் கால் போயிருக்கும்.

ஆஸ்பத்திரியில் நான் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். டிரைவர் அண்ணாச்சி வந்து, "நான் ஓல்டேனுக்குத்தான் காதை வச்சுக்கிட்டு இருந்தேன். வேற ஒண்ணும் கேக்கலை" என்று அழாக்குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். மாமா என்னை ஒரு சொல் கடிந்துகொள்ளவில்லை. வெகு நேரம் கழித்து, என்னைத் தேற்றுவதற்காகவே பேசுகிறவர் போல, மெதுவாகச் சொன்னார்:

"அவனுக்கு ஸ்டாப்புன்னா தெரியாதா மருமவனே? எல்லாந் தெரியும். காதுல விழணும்லா! ஸ்டாப்புங்கிறது வாயை மூடுற சொல்லு. சத்தம் உள்ளயே நின்னுபோவும். ஓல்டேன் வாயைத் தொறக்குற சொல்லு. இஞ்சின் சத்தத்தையும் தாண்டிப் போவும். எவன் கண்டுபிடிச்சானோ, கயிறு பிடிச்சவனாத்தான் இருக்கணும்."

அப்போதுதான் பாட்டனார் கயிறு பிடித்த கதையையும் சொன்னார். பாட்டனார் கயிற்றைக் கையில் வாங்கிவிட்டால் வெற்றிலை போடமாட்டாராம், பக்கத்திலிருப்பவர் கேட்டால் பதில் சொல்லமாட்டாராம். கீழே இருக்கிறவன் என்ன அடையாளம் கொடுப்பான் என்று இவருக்குத் தெரியும். இவர் எதை எதிர்பார்த்திருப்பார் என்று கீழே இருக்கிறவனுக்குத் தெரியும். புதிதாக ஓர் அடையாளம் கண்டுபிடிக்க அது இடம் அல்ல.

அன்றைக்கு நான் தெரிந்துகொண்ட பாஷை நூல் எந்தக் கல்லூரியிலும் சொல்லிக் கொடுப்பதல்ல. நல்லவேளை, நான் கல்லூரியில் அதிக நாள் இருக்கவும் இல்லை. ஒரு சொல் எந்த ஊரில் பிறந்தது, அங்கே அதற்கு என்ன பொருள் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதைச் சொல்கிறவனுக்கும் கேட்கிறவனுக்கும் நடுவே என்ன ஒப்பந்தம் என்பது அதைவிட முக்கியமான கேள்வி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த ஜோடிச் சொல் வித்தை ஆங்கிலத்துக்கு மட்டும் சொந்தமல்ல. நம் 'பிடி'யை எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்துக்கொள், பிடித்துவை, பிடித்துப்போடு, பிடித்துத் தள்ளு - ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள். சளி பிடிக்கிறது, மழை பிடித்துக்கொள்கிறது, பேய் பிடிக்கிறது, கூலிக்கு ஆள் பிடிக்கிறோம், பெண்ணை மாப்பிள்ளைக்குப் பிடித்துப்போகிறது. ஒரு வெள்ளைக்காரன் தமிழ் கற்க உட்கார்ந்தால் சளிக்கும் காதலுக்கும் ஒரே சொல்லா என்று தலையில் கை வைத்துக்கொள்வான். அவன் வினைக்குப் பின்னால் 'ஆன்', 'அப்', 'அவுட்' என்று வைக்கிறான். நாம் 'கொள்', 'விடு', 'போ' என்று வைக்கிறோம். 'லாக்கப்', 'மேக்கப்', 'கெட்டப்', 'கட்டவுட்' என்று அவனுடைய ஜோடிகளைப் பிரிக்காமலே தூக்கிக்கொண்டு வந்து, பெயர்ச் சொல்லாக்கி, நம் வீட்டுப் பிள்ளைகளாக வளர்ப்பதும் நமக்குச் சகஜம். 'ஓல்டேன்' அவற்றிலெல்லாம் மூத்த பிள்ளை. உழைத்துச் சாப்பிடுகிற பிள்ளை.

மாமா காலை இழுத்து இழுத்து நடந்தபடியே மேலும் இருபது வருஷம் லாரியில் போனார். அவருடைய குரல் கேட்டால் டிரைவர்கள் திரும்பிப் பார்க்கவே மாட்டார்கள் என்று சொல்வார்கள். திரும்பிப் பார்க்க அவசியமில்லை.

மாப்பிள்ளையூரணி நிறுத்தம் வந்தது. முன் இருக்கை மாணவர்களுக்கு இதையெல்லாம் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். இருபது வயதில் என்னிடம் யாராவது சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேனா?

எனக்கு முன்னால் ஒரு கிழவி இறங்குவதற்காக எழுந்து தள்ளாடினாள். கண்டக்டர் பையன் சட்டென்று ஒரு கையால் அவள் தோளைத் தாங்கினான். "ஆச்சி, கம்பியைப் பிடிச்சுக்கோ. பைய, பைய" என்றான் அவளிடம். அதே மூச்சில் முன்பக்கம் திரும்பி, "ஓல்டே...ன்!" என்றான்.

பஸ் நின்றது. கிழவி இறங்கினாள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.